பள்ளிக்கூடத்துப் பசங்களும் தற்கொலை எண்ணமும்: டீச்சர்களும் பெத்தவங்களும் அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் டாக்டர் இல்ல, டீச்சர். பல வருஷமா பாடம் எடுக்கறேன், கூடவே ட்ரெய்னிங் எடுத்துட்டு பசங்களோட மனநல விஷயத்தையும் ஸ்கூல்ல பாத்துக்கறேன். சக டீச்சர்களும் பெத்தவங்களும் எங்கிட்ட வந்து கேக்கற கேள்விங்க கிட்டத்தட்ட ஒரே கேள்விங்க தான், அதையும் குரலை இறக்கி, கதவு சாத்தியிருக்கான்னு ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டு தான் கேக்கறாங்க. அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெக்கறேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. இதைப் படிக்கற நீயே ஒரு ஸ்டூடண்டா இருந்து, உனக்கே இப்ப அந்த எண்ணம் இருக்குன்னா, மீதியை அப்புறம் படிச்சுக்கலாம். பக்கத்துல இருக்கற ஒரு பெரியவங்க கிட்ட போய் "என்னை தனியா விடாதீங்க"னு மட்டும் சொல்லு, வேற எதையும் விளக்க வேண்டாம். பக்கத்துல யாரும் இல்லன்னா உங்க நாட்டு அவசர எண்ணுக்கோ தற்கொலை தடுப்பு ஹெல்ப்லைனுக்கோ போன் பண்ணு. முதல்ல பேசினவங்க சரியா கேக்கலன்னா இன்னொருத்தர் கிட்ட சொல்லு. இந்த எண்ணம் அலை மாதிரி ஏறும், ஆனா இறங்கவும் செய்யும். அது இறங்கற வரைக்கும் யாராவது கூட இருக்கணும், அவ்ளோதான் இப்போதைக்கு.

நேரடியா கேட்டா, இல்லாத எண்ணத்தை நாமளே மனசுல போட்ட மாதிரி ஆயிடாதா?

ஆகாது. எல்லாரும் முதல்ல கேக்கற கேள்வி இதுதான், நானும் ரொம்ப நாள் இந்த பயத்துலயே தான் இருந்தேன்.

இதை சோதிச்சே பாத்திருக்காங்க. அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல 6 ஹைஸ்கூல்கள்ல 2,342 மாணவர்களை வெச்சு மேட்லின் கூல்டுனு ஒரு ஆய்வாளரும் அவங்க குழுவும் பண்ணின ஆய்வு 2005ல வெளியாச்சு. பாதி பேருக்கு குடுத்த கேள்வித்தாள்ல தற்கொலை எண்ணம் பத்தின கேள்விங்க இருந்துச்சு, மீதி பாதிக்கு குடுத்ததுல அது இல்ல. உடனேயும் பாத்தாங்க, ரெண்டு நாள் கழிச்சும் பாத்தாங்க. கேள்வி கேக்கப்பட்ட பசங்களுக்கு மன உளைச்சலும் கூடல, தற்கொலை எண்ணமும் கூடல. ஏற்கனவே மனச்சோர்வுல இருந்த பசங்களுக்கும், முன்னாடி முயற்சி பண்ணின பசங்களுக்கும் அந்தக் கேள்வியால உளைச்சல் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி கூட தெரிஞ்சுது.

யோசிச்சுப் பாருங்க, ஒரு புள்ள மாசக்கணக்கா இதை தனியா தூக்கிட்டு நடக்குது, யாராவது ஒருத்தர் அந்த வார்த்தையை வாய் விட்டு சொன்னா தான் "ஓ, இதை பேசலாம் போல"னு அதுக்குத் தெரியும். நாம கேக்காம இருக்கறதால எண்ணம் போயிடறதில்ல, அந்தப் புள்ள நம்ம கிட்ட சொல்லாம இருக்கும், அவ்ளோ தான்.

சரி, எப்படி கேக்கறது? எனக்கு வார்த்தையே வர மாட்டேங்குது.

வராது தான். அதனால முன்னாடியே வாய் விட்டு சொல்லிப் பாத்துக்கோங்க, வீட்ல தனியா இருக்கறப்போ கூட. "தற்கொலை"ங்கற சொல்லை தடுமாறாம சொல்லப் பழகணும். நாம தடுமாறினா, இவங்களால இதை தாங்க முடியாது போலன்னு நினைச்சு புள்ள வாயை மூடிக்கும்.

நான் சொல்றது கிட்டத்தட்ட இப்படி இருக்கும். தனியான இடம், ஆனா கண்ணாடி வெச்ச கதவோ திறந்த கதவோ இருக்கற இடம். எதிர்ல உக்காராம பக்கத்துல உக்காந்துக்குவேன், ஏன்னா கண்ணைப் பாத்து பேசறது நிறைய பசங்களுக்கு கஷ்டம். கவனிச்சதுல இருந்து ஆரம்பிப்பேன். "ரெண்டு வாரமா நீ யார் கூடவும் சேர மாட்டேங்கற, நோட்டுல தேதி மட்டும் எழுதிட்டு மூடி வெச்சிடற, நான் பாத்துட்டு தான் இருக்கேன்பா. என்ன ஆச்சு?" அதுக்கப்புறம் நான் பேச மாட்டேன். அந்த அமைதி ரொம்ப நீளமா தெரியும், விடுங்க, நீளட்டும்.

கொஞ்சம் பேசினதுக்கப்புறம், "இவ்ளோ கஷ்டத்துல இருக்கறப்போ சில பேருக்கு உயிரோட இருக்கவே வேண்டாம்னு தோணும். உனக்கு அப்படி தோணுதா?" தோணுதுன்னு தலையாட்டினா, "தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கறியா?" இதே வார்த்தையில கேப்பேன்.

கேக்கக் கூடாத விதம் ஒண்ணு இருக்கு. "நீ அந்த மாதிரி ஏதும் தப்பா யோசிக்கலல்ல?" இந்த "யோசிக்கலல்ல" இருக்கு பாருங்க, அதுலயே பதிலை நாமளே எழுதி கைல குடுத்துடறோம். புள்ளையும் "இல்ல மிஸ்"னு சொல்லிட்டு போயிடும். "தப்பா"ங்கற வார்த்தை வேற சேர்ந்துட்டா, ஆமான்னு சொன்னா தான் தப்பு பண்ணினவனா ஆயிடுவோம்னு பயந்துக்கும்.

ஆமான்னு சொல்லிட்டா? அந்த நொடி நான் என்ன பண்றது?

முதல்ல மூச்சு விடுங்க. முகத்துல அதிர்ச்சி வந்தா வரட்டும், ஆனா அழுகை, கோபம், அட்வைஸ் மூணும் வேண்டாம். "இதை சொன்னதுக்கு தேங்க்ஸ்பா. இதை தனியா எவ்ளோ நாளா வெச்சிருந்த?" இந்த மாதிரி ஏதாவது போதும்.

"உங்க அப்பா அம்மா எவ்ளோ கஷ்டப்பட்டு படிக்க வெக்கறாங்க, அவங்களை நினைச்சுப் பாத்தியா?" இதை நாம எல்லாரும் நல்ல எண்ணத்துல தான் சொல்றோம். ஆனா அந்தப் புள்ள ஏற்கனவே "நான் எல்லாருக்கும் பாரம்"னு தான் நினைச்சிட்டு இருக்கு. தாமஸ் ஜாய்னர்னு ஒரு உளவியலாளர், பாரமா இருக்கோம்ங்கற நினைப்பும் யார் கூடவும் ஒட்டாத தனிமையும் சேர்றது தான் இந்த எண்ணத்துக்கு அடியில இருக்கற முக்கியமான விஷயம்னு எழுதியிருக்கார். அப்படி இருக்கற புள்ள கிட்ட அப்பா அம்மா கஷ்டத்தை எடுத்து சொன்னா பாரம் இன்னும் கூடும். "உன்னை விட கஷ்டப்படறவங்க எல்லாம் இல்லையா", "இந்த வயசுல என்ன பெரிய கவலை", "தைரியமா இரு" இதெல்லாமும் அதே கதை தான்.

அப்புறம் நாலு விஷயம் தெரிஞ்சுக்கணும், போலீஸ் விசாரணை மாதிரி இல்லாம. எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கா, எப்போன்னு முடிவு பண்ணியிருக்கா, அதுக்கானது கைக்கெட்டற இடத்துல இருக்கா, இதுக்கு முன்னாடி முயற்சி பண்ணியிருக்கா. எப்படியும் எப்போவும் முடிவாயிருந்தா அது அவசரம், ஆஸ்பத்திரி லெவல் அவசரம். முன்னாடி ஒரு தடவ முயற்சி பண்ணியிருந்தாலும் ஆபத்து பல மடங்கு கூடும். ஆனா பதில் எதுவா இருந்தாலும் அந்தப் புள்ளையை தனியா விடக்கூடாது, பாத்ரூமுக்கு கூட யாராவது கூட போகணும், "பெல் அடிச்சுடுச்சு, கிளாஸுக்கு போ, சாயந்திரம் பேசலாம்" கிடையவே கிடையாது. உங்களுக்கு அடுத்த பீரியட் இருந்தா வேற ஒருத்தரை அனுப்பி கிளாஸை பாத்துக்க சொல்லுங்க. கவுன்சிலர் இருந்தா நீங்களே கூட நடந்து போய் விட்டுட்டு, "இவன் எங்கிட்ட இதை சொன்னான், நானும் கொஞ்ச நேரம் இருக்கேன்"னு உக்காருங்க. சீட்டு எழுதிக் குடுத்து அனுப்பறது போதாது.

யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கறாங்களே?

குடுக்காதீங்க. எந்தப் பேச்சையும் "நீ சொல்றது நமக்குள்ள தான் இருக்கும், ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் உனக்கு உதவக்கூடியவங்க கிட்ட சொல்லுவேன், உனக்கு தெரியாம சொல்ல மாட்டேன்"னு ஆரம்பிச்சா பின்னாடி பிரச்சனை இல்ல. ஏற்கனவே சத்தியம் குடுத்துட்டீங்கன்னா அதை மீறிடுங்க, ஆனா முதல்ல புள்ள கிட்ட சொல்லிட்டு மீறுங்க. கோபப்படும், உங்க கூட ஒரு மாசம் பேசாது. பரவால்ல.

அதே மாதிரி நாம அவங்க கிட்ட "இனிமே இப்படி பண்ண மாட்டேன்"னு சத்தியம் வாங்கறதும் பிரயோஜனம் இல்ல, எழுதி கையெழுத்து வாங்கறது அதை விட மோசம். அது உயிரைக் காப்பாத்துதுன்னு எந்த ஆதாரமும் இல்ல. அடுத்த தடவ எண்ணம் வந்தா, சத்தியத்தை மீறிட்டோம்ங்கற வெட்கத்துல நம்ம கிட்ட வரவும் வராது.

அதுக்கு பதிலா பாதுகாப்பு திட்டம்னு ஒண்ணு இருக்கு, பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் உருவாக்கினது, இன்னிக்கு நிறைய நாடுகள்ல பயன்படுத்தறாங்க. ஒரே ஒரு தாள். எண்ணம் வர்றதுக்கு முன்னாடி எனக்குள்ள என்ன நடக்கும், அப்போ நானே என்ன பண்ணி என்னை திசை திருப்பிக்கலாம், யார் கூட எங்க போய் இருந்தா மனசு மாறும், யார் கிட்ட உதவி கேப்பேன், எந்த டாக்டர் எந்த ஹெல்ப்லைன், வீட்ல எதை எல்லாம் அப்புறப்படுத்தணும். இதை அந்தப் புள்ளையோட சொந்த வார்த்தையில, அதோட கையெழுத்துல எழுதணும். "மியூசிக் கேப்பேன்"னு பொதுவா எழுதாம எந்தப் பாட்டுன்னு எழுதினா தான் ராத்திரி ரெண்டு மணிக்கு அது வேலைக்கு ஆகும். இதை கவுன்சிலரோ டாக்டரோ கூட உக்காந்து எழுத வெக்கறது நல்லது.

முன்கூட்டியே எப்படி கண்டுபிடிக்கறது? அறிகுறி என்ன?

அறிகுறி லிஸ்ட் எல்லா இடத்துலயும் கிடைக்கும், அதை வெச்சு டிக் போட்டா பாதி கிளாஸ் மாட்டும், ஏன்னா பதின்ம வயசே அப்படித்தான். நான் பாக்கறது மாற்றத்தை. எப்பவும் அமைதியா இருக்கற புள்ள அமைதியா இருந்தா அது வேற, வாய் ஓயாத புள்ள திடீர்னு அமைதியானா அது வேற. பிடிச்ச விளையாட்டை விட்டுட்டான், தோழிங்க கூட்டத்துல இருந்து ஒதுங்கி நிக்கறா, கிளாஸ்ல தூங்கறான், தலை சீவாம வர்றா. தூக்கத்தை குறிப்பா கேளுங்க, ராத்திரி தூக்கம் இல்லாம போறதை நாம சாதாரணமா விட்டுடறோம், ஆனா அது பெரிய அறிகுறி.

பையன்களைப் பத்தி தனியா சொல்லணும். நிறைய பையன்களுக்கு சோகம் சோகமா வெளிய வராது, கோபமா வரும். பெஞ்சை உதைப்பான், வாத்தியாரை எதிர்த்துப் பேசுவான், பைக்கை கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுவான், குடிக்க ஆரம்பிப்பான். நாம அவனை ஒழுங்கு நடவடிக்கை ஃபைல்ல போட்டுடறோம். பெரும்பாலான நாடுகள்ல பொண்ணுங்க முயற்சி பண்றது அதிகம், ஆனா இறக்கறது பையன்கள் அதிகம், அதனால கோபக்கார பையனோட ஃபைலை மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவ அவன் கூட தனியா உக்காருங்க.

இதை விட நேரடியான அறிகுறிங்களும் இருக்கு. சாவைப் பத்தி கட்டுரையில, ஸ்டேட்டஸ்ல, நோட்டோட கடைசி பக்கத்துல எழுதறது. "நான் இல்லாம போனா யாருக்கும் ஒண்ணும் ஆகாது", "இன்னும் கொஞ்ச நாள் தான், அப்புறம் உங்களுக்கு தொல்லை இல்ல", "தூங்கினா எந்திரிக்கவே கூடாது" இப்படி பேசறது. ஆசையா வெச்சிருந்த பொருளை தானம் பண்றது. காரணம் இல்லாம எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேக்கறது.

இன்னொண்ணு, ரொம்ப நாளா இருண்டு போயிருந்த புள்ள ஒரே நாள்ல லேசாயிட்டான்னா, காரணம் எதுவும் மாறாமலே லேசாயிட்டான்னா, "அப்பாடா"னு விடாதீங்க. சில நேரம் அது முடிவு எடுத்துட்ட அமைதி. அன்னிக்கு தான் கேக்கணும்.

எல்லாப் பசங்களும் தான் "செத்துடலாம் போல இருக்கு"ங்கறாங்க, ஒவ்வொண்ணுக்கும் கேட்டுட்டு இருக்க முடியுமா?

ஹோம்வொர்க் அதிகம்னு சிரிச்சுட்டே சொல்றதுக்கும் இதுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் குரல்லயே தெரியும். தெரியலன்னா, கேளுங்க. "நீ சும்மா சொன்னியா, இல்ல நெஜமாவே அப்படி இருக்கா?" அரை நிமிஷம் ஆகும். சும்மா சொன்னவன் சிரிச்சுட்டு போயிடுவான்.

குரைக்கிற நாய் கடிக்காதுன்னு சொல்லுவாங்களே, சொல்றவங்க செய்ய மாட்டாங்க தானே?

இந்தப் பழமொழியை இந்த விஷயத்துல யாராவது சொன்னா எனக்கு கோபமே வரும். தற்கொலையால போனவங்கள்ல நிறைய பேர் அதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது ஏதாவது ஒரு விதத்துல சொல்லியிருக்காங்க. "சீன் போடறான்", "அட்டென்ஷனுக்காக பண்றா"ங்கறோம். சரி, கவனத்துக்காகவே பண்றான்னு வெச்சுக்குவோம், உயிரைப் பணயம் வெச்சு தான் கவனத்தை வாங்கணும்ங்கற நிலைமையில ஒரு புள்ள இருந்தா அது சின்ன விஷயமா? கவனம் வேணும்னு கேக்கறவனுக்கு கவனத்தை குடுங்க. முதல் தடவ "நடிக்கிறா"னு சொல்லிட்டா, ரெண்டாவது தடவ அவ சொல்ல மாட்டா.

மார்க் குறைஞ்சது தான் காரணம், லவ் ஃபெயிலியர் தான் காரணம்னு செய்தியில எல்லாம் வருதே?

"தேர்வில் தோல்வி, மாணவி விபரீத முடிவு"னு ஒரே வரியில எழுதிடறாங்க. அதைப் படிக்கற இன்னொரு புள்ளைக்கு, ஃபெயிலானா இது ஒரு வழின்னு அந்த வரி சொல்லிக் குடுக்குது. ஃபெயிலான எத்தனையோ பசங்க இருக்காங்க, கிட்டத்தட்ட எல்லாருமே அதை தாண்டி வந்துடறாங்க. ஒரு காரணத்தால மட்டும் இது நடக்கறது ரொம்ப அபூர்வம். மனச்சோர்வு, வீட்ல அடி உதை, பாலியல் தொல்லை, ஸ்கூல்லயும் போன்லயும் சேர்ந்து கேலி பண்றது, தன்னோட பாலினமோ ஈர்ப்போ வெளிய தெரிஞ்சுட்டா என்ன ஆகுமோங்கற பயம், குடும்பத்துல ஏற்கனவே ஒரு தற்கொலை, இப்படி பல இழை சேர்ந்து முறுக்கிட்டு இருக்கும். மார்க் ஷீட் அதுல கடைசி இழை. நாம கண்ணுக்கு தெரியற கடைசி இழையை மட்டும் காரணம்னு எழுதிடறோம்.

சில நேரம் உள்ள இருக்கற காரணம் நமக்கு ஒண்ணுமே இல்லாததா கூட இருக்கும். சாட் வாரானு இங்கிலாந்துல ஒரு பாதிரியார், 1935ல அவர் நடத்தின முதல் அடக்கம் ஒரு பதின்ம வயசு பொண்ணோடது. அந்தப் பொண்ணுக்கு மாதவிடாய் ஆரம்பிச்சிருக்கு, அது என்னன்னு தெரியாம ஏதோ பால்வினை நோய் வந்துடுச்சுன்னு நினைச்சு உயிரை விட்டுடுச்சு. கேக்கறதுக்கு ஒரு ஆள் இல்லாம. அது அவர் மனசை விட்டுப் போகவே இல்ல, 1953ல லண்டன்ல சமாரிட்டன்ஸ்ங்கற தொலைபேசி உதவி சேவையை அவர் தொடங்கினதுக்கு அந்தப் பொண்ணோட நினைவும் ஒரு காரணம். நான் ஒவ்வொரு வருஷமும் புது கிளாஸ்ல நிக்கறப்போ, இங்க யாரோ ஒருத்தர் மனசுல அஞ்சு நிமிஷத்துல பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி உக்காந்து அரிச்சிட்டு இருக்கலாம்னு நினைச்சுக்குவேன்.

கையை கீறிக்கற புள்ளைங்க எல்லாரும் சாக நினைக்கறாங்களா?

இல்ல. நிறைய பேர் தாங்க முடியாத உணர்ச்சியை அந்த நேரத்துக்கு அடக்க அப்படி பண்றாங்க, சாகணும்னு இல்ல. ஆனா அப்படி பண்ணிக்கற பசங்களுக்கு பிற்காலத்துல தற்கொலை ஆபத்து மத்தவங்களை விட அதிகம், அதனால "இது வேற, அது வேற"னு தள்ளி வெக்கவும் முடியாது. வெயில்லயும் முழுக்கை போட்டுட்டு வர்ற புள்ளையோட கையை எல்லார் முன்னாடியும் இழுத்துப் பாக்காதீங்க. தனியா கேளுங்க, கீறிக்கறதைப் பத்தி ஒரு கேள்வி, சாகணும்னு தோணுதாங்கறது இன்னொரு கேள்வி, ரெண்டையும் தனித்தனியா கேளுங்க.

நல்லா படிக்கற, எப்பவும் சிரிக்கற புள்ளைக்கு இப்படி வருமா?

வரும். எல்லாரும் "உனக்கென்னப்பா"னு சொல்ற புள்ளைக்கு தன்னோட கஷ்டத்தை சொல்ல இடமே இருக்காது. அதனால நான் கடைசி பெஞ்சு, முதல் பெஞ்சுன்னு பாக்கறதில்ல.

பெத்தவங்க கிட்ட எப்படி சொல்றது? அவங்க "எங்க வீட்டுப் புள்ள அப்படி இல்ல"னு சண்டைக்கு வருவாங்களே?

போன்ல முழுசா சொல்லாதீங்க, "நேர்ல வாங்க, புள்ள பத்திரமா எங்க கூட இருக்கான், உங்க உதவி வேணும்"னு கூப்பிடுங்க. வந்ததும் முதல் வாக்கியத்துல பழி இருக்கக் கூடாது. "உங்க பையன் இன்னிக்கு ரொம்ப தைரியமா ஒரு விஷயம் சொன்னான்"னு நான் ஆரம்பிப்பேன். மறுப்பாங்க, அழுவாங்க, சில அப்பாக்கள் அங்கயே புள்ளையை அடிக்க கை ஓங்குவாங்க. அது பயம். அந்த பயத்தை பொறுமையா கேளுங்க, ஆனா மூணு விஷயத்துல இறங்கி வராதீங்க. இன்னிக்கே டாக்டரைப் பாக்கணும், இன்னிக்கு ராத்திரி யாராவது கூட இருக்கணும், வீட்ல ஆபத்தானதை எல்லாம் அப்புறப்படுத்தணும். என்ன பேசினோம், யார் இருந்தாங்கன்னு தேதி போட்டு எழுதி வெச்சுக்கோங்க.

வீடே தான் காரணம்னு புள்ள சொன்னா, அதாவது அடியோ பாலியல் கொடுமையோ வீட்லயே நடக்குதுன்னா, அந்த வீட்டுக்கு போன் பண்ணி அனுப்பி வெச்சிடாதீங்க. குழந்தைகள் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு உங்க நாட்டுல எதுவோ அங்க போகணும், நிர்வாகத்தையும் சேத்துக்கிட்டு.

ஆபத்தானதை அப்புறப்படுத்தினா மட்டும் போதுமா? ஒரு வழி இல்லன்னா இன்னொரு வழி தேட மாட்டாங்களா?

பெரும்பாலும் தேட மாட்டாங்க, இது நிறைய பேர் நம்பாத உண்மை. தீவிரமான எண்ணம் உச்சத்துல இருக்கறது பல பேருக்கு சில நிமிஷமோ சில மணி நேரமோ தான், அதுவும் பதின்ம வயசுல யோசிச்சு நிறுத்தற மூளைப் பகுதி இன்னும் முழுசா வளராததால அவசர முடிவு ஜாஸ்தி. அந்த நேரத்துல கைக்கெட்டலன்னா உயிர் தப்பிடும். 1978ல ரிச்சர்ட் சைடன்ங்கற ஆய்வாளர், தற்கொலை முயற்சியில கடைசி நொடியில தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரை பல வருஷம் கழிச்சு தேடிப் பாத்தார். சுமார் 94 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க, இல்ல இயற்கையா இறந்திருந்தாங்க. இலங்கையில 1990கள்ல இருந்து ரொம்ப கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொண்ணா தடை பண்ணினாங்க, அடுத்த 20 வருஷத்துல தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைஞ்சுது.

அதனால வீட்ல மருந்து மாத்திரை, பூச்சிமருந்து, ஆயுதம் எதுவா இருந்தாலும் பூட்டி வைங்க, முடிஞ்சா கொஞ்ச நாளைக்கு வேற வீட்லயே குடுத்து வைங்க. தாத்தா பாட்டியோட மாத்திரை டப்பாவை எல்லாரும் மறந்துடறாங்க, அதையும் சேத்து.

என் ஃப்ரெண்டு எங்கிட்ட மட்டும் சொன்னா, யார்கிட்டயும் சொல்லாதேன்னா. நான் என்ன பண்றது?

இது பசங்க கேக்கற கேள்வி. பசங்க முதல்ல சொல்றது நம்ம கிட்ட இல்ல, இன்னொரு பசங்க கிட்ட, அதுவும் ராத்திரி மெசேஜ்ல. தம்பி, பாப்பா, இது நீ தனியா தூக்கக்கூடிய எடை இல்ல. சொன்னா ஃப்ரெண்ட்ஷிப் போயிடும்னு பயமா இருக்கும், புரியுது. ஆனா அவ உங்கிட்ட சொன்னதே அவளுக்குள்ள ஒரு பாதி இன்னும் வாழணும்னு நினைக்கறதால தான், நீ அந்தப் பாதி பக்கம் நிக்கணும். நீ நம்பற ஒரு பெரியவங்க கிட்ட அன்னிக்கே சொல்லு, மெசேஜை காட்டு. ராத்திரியா இருந்தா உங்க வீட்டுப் பெரியவங்களை எழுப்பு. அவங்க திட்டினாலும் எழுப்பு.

டீச்சர்களுக்கு, வந்து சொன்ன அந்தப் புள்ளையையும் மறந்துடாதீங்க. அது ரெண்டு நாளா தூங்கியிருக்காது.

முயற்சி பண்ணி பிழைச்சு வந்த புள்ளை ஸ்கூலுக்கு திரும்ப வந்தா எப்படி நடந்துக்கறது?

ஆஸ்பத்திரியில இருந்து வந்த முதல் சில வாரமும் மாசமும் தான் ஆபத்து ஜாஸ்தி, "சரியாயிடுச்சு"னு நாம கையை விடற நேரமும் அதே தான். வர்றதுக்கு முன்னாடியே புள்ள, பெத்தவங்க, கவுன்சிலர் உக்காந்து பேசி, கிளாஸ்ல யாராவது கேட்டா என்ன சொல்றதுன்னு புள்ளையே முடிவு பண்ணட்டும். "உடம்பு சரியில்ல"ங்கறது போதும். விட்டுப்போன பாடம், டெஸ்ட் எல்லாத்தையும் ஒரே வாரத்துல தலையில ஏத்தாதீங்க. எப்ப வேணும்னாலும் எழுந்து வெளிய போக ஒரு அனுமதி, போய் உக்கார ஒரு இடம், ஒரு ஆள். நிறைய ஸ்கூல்ல "இந்தப் புள்ளையை வெச்சுக்க முடியாது, டிசி வாங்கிட்டு போங்க"னு சொல்றாங்க, இதை விட பெரிய கொடுமை எனக்குத் தெரிஞ்சு இல்ல. யாருக்கும் வேண்டாதவன்னு நினைச்சு தான் அவன் அங்க வரைக்கும் போனான், நாம அதையே முத்திரை குத்தி கைல குடுத்து அனுப்பறோம்.

ஸ்கூல்ல ஒரு மாணவர் இறந்துட்டா?

எழுதவே கை வர மாட்டேங்குது, ஆனா எழுதணும். பதின்ம வயசுல இது ஒருத்தர்ல இருந்து இன்னொருத்தருக்கு பரவும், ஒரே ஸ்கூல்ல, ஒரே ஊர்ல அடுத்தடுத்து நடந்திருக்கு. அசெம்பிளி மைக்ல அறிவிக்காதீங்க, ஒவ்வொரு கிளாஸா, பசங்களுக்கு பழக்கமான டீச்சர் போய் சொல்லணும். எப்படி நடந்ததுங்கறதை சொல்லவே வேண்டாம். உண்மையை மறைச்சு கதை கட்டவும் வேண்டாம், பசங்களுக்கு அதுக்குள்ள போன்ல எல்லாம் வந்திருக்கும், குடும்பம் என்ன சொல்ல சம்மதிக்கறாங்களோ அதை சொல்லுங்க. "இப்ப நிம்மதியா இருப்பான்", "சொர்க்கத்துக்கு போயிட்டா" மாதிரி பேச்சு வேண்டவே வேண்டாம், நிம்மதி தேடற இன்னொரு புள்ள அதைக் கேட்டுட்டு இருக்கும். விபத்துல இறந்த மாணவருக்கு என்ன அஞ்சலியோ அதே தான் இவனுக்கும், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். நெருங்கின நண்பர்கள், கடைசியா சண்டை போட்டவன், முன்னாடியே முயற்சி பண்ணினவங்க, இவங்களை அன்னிக்கே தனித்தனியா தேடிப் போய் பாக்கணும்.

வார்த்தையும் முக்கியம். தமிழ்ல அந்தச் சொல்லுக்குள்ளயே "கொலை" உக்காந்திருக்கு, கூடவே "கோழைத்தனம்"னு ஒரு தீர்ப்பையும் ஒட்டிடறோம். "தற்கொலையால இறந்துட்டான்"னு, நோயால இறந்துட்டான்ங்கற மாதிரி சொல்லிப் பழகினா, மீதி இருக்கற பசங்களும் அந்தக் குடும்பமும் வாய் திறக்க கொஞ்சம் இடம் கிடைக்கும்.

ஸ்கூல் அளவுல என்ன பண்ணலாம்? வருஷத்துக்கு ஒரு ஸ்பீச் வெக்கறோமே.

உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி வருஷத்துக்கு 7,20,000 பேருக்கு மேல தற்கொலையால இறக்கறாங்க, 15ல இருந்து 29 வயசு வரைக்கும் உள்ளவங்க இறக்கறதுக்கான காரணங்கள்ல இது மூணாவது. உலக தற்கொலை தடுப்பு நாளான செப்டம்பர் 10 அன்னிக்கு ஒரு ஸ்பீச்சும் ஒரு போஸ்டரும் வெச்சா இது குறையாது. ஐரோப்பாவுல 10 நாடுகள்ல, 168 ஸ்கூல்கள்ல, 11,000க்கும் மேல மாணவர்களை வெச்சு பண்ணின பெரிய ஆய்வு 2015ல வெளியாச்சு. டீச்சர்களுக்கு மட்டும் ட்ரெய்னிங் குடுத்த ஸ்கூல்கள்ல பெருசா வித்தியாசம் தெரியல. மாணவர்களையே உக்கார வெச்சு, நடிச்சுக் காட்ட விட்டு, மன உளைச்சல், நெருக்கடி, உதவி கேக்கறது பத்தி அவங்களையே பேச வெச்ச திட்டத்துல ஒரு வருஷம் கழிச்சு தற்கொலை முயற்சி கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுது. டீச்சரா எனக்கு இதை படிச்சப்போ கொஞ்சம் வலிச்சுது, ஆனா நியாயம் தான், பசங்க முதல்ல பசங்க கிட்ட தானே சொல்றாங்க. டீச்சருக்கு ட்ரெய்னிங் வேண்டாம்னு அர்த்தமில்ல. பசங்க வந்து சொல்றப்போ கேக்கத் தெரிஞ்ச ஆள் ஸ்கூல்ல இருக்கணும், அந்த ஆள் யாருன்னு எட்டாவது படிக்கற புள்ளைக்கும் பேரோட தெரியணும்.

எல்லாம் சரியா பண்ணியும் ஒரு புள்ளை போயிடுச்சு. நான் என்ன தப்பு பண்ணினேன்?

இந்தக் கேள்வியோட வந்தவங்க கிட்ட நான் பதில் சொல்ல அவசரப்படறதில்ல. எந்தப் புள்ளை எப்போன்னு யாராலயும் உறுதியா கணிக்க முடியாது, மனநல டாக்டர்களாலயும் முடியாது. இது ஆய்வுகள் திரும்பத் திரும்ப காட்டின விஷயம், ஆறுதலுக்காக சொல்லல. இருந்தாலும் ராத்திரி அந்தக் கடைசி பேச்சு திரும்பத் திரும்ப ஓடும், அந்த பெஞ்சுல காலி இடம் தெரியும். நீங்களும் யார்கிட்டயாவது போய் பேசுங்க, கவுன்சிலர் கிட்டயோ டாக்டர் கிட்டயோ, கொஞ்ச நாள் லீவு வேணும்னா கேட்டு வாங்குங்க. தூக்கம் வராம மூணு வாரம் ஆச்சுன்னு நீங்க சொன்னா, பசங்க கிட்ட கேக்கற அதே கேள்வியை நான் உங்ககிட்டயும் அதே வார்த்தையில கேப்பேன்.